வருகைக் கொப்பி

நான் முறைக்கு வந்த பின்னேரம்
மின்சார சபை ஆட்கள் கம்பிக்காக
மாரா மரத்தின் ஒரு கையை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.
கிளையோடு விழுந்தது ஒரு தும்புப் பந்து.
உள்ளே மூன்று.
மயிர் இல்லை. கண் திறக்கவில்லை.
ஆளுக்கு ஒரு சுண்டுவிரல்.

தாய் தூக்கிப் போகட்டும் என்று
மதிலில் வைத்துவிட்டு இருட்டும்வரை காத்திருந்தேன்.
காகங்கள்தான் வந்தன.
காலி வீதியில் நூறாம் இலக்க பஸ் ஒன்று நகர்ந்த பிறகு
தாய் ஏன் வரவில்லை என்று கண்டேன்.

பம்பலப்பிட்டி. பதினொரு மாடி.
ஒரு கேட், இரண்டு பிளாஸ்டிக் கதிரை,
எனக்கும் விஜேபாலவுக்கும்.
இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சுற்றிவந்து
கொப்பியில் கையெழுத்து வைக்கவேண்டும்.
அதுகளுக்கும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறைதான் பசி
என்றாள் பாமசிப் பிள்ளை.
"பசுப்பால் குடுக்காதேங்கோ, வயிறு ஊதும்."
ஒரு மில்லி சிரிஞ்ச் இரண்டு தந்தாள்.
காசு வாங்கவில்லை.

ஆட்டுப்பாலுக்கு மாளிகாவத்தை, ஃபாஹிம் நானா.
"பிள்ளைக்கா?"
ஓம் என்றேன்.
"எத்தின?"
மூன்று, ஒரே சூல்.
மாஷா அல்லாஹ் என்று அரைக் கோப்பை கூட ஊற்றினார்.

சப்பாத்துப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து
"லேன் பெட்டியோ!" என்றார் விஜேபால.
அவர் மொழியில் அது அணில் குஞ்சுகள்.
பெட்டிதான், என்றேன்.

சோடாப் போத்தலில் சுடுநீர்,
மேலே என் பழைய யூனிபோம் சட்டை.
குடித்து முடிந்ததும்
ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவவேண்டும்,
தாயின் நாக்கு செய்யும் வேலை.
ஒரு சொட்டு மூத்திரத்துக்காக
பாதுகாப்பு உத்தியோகத்தர் ஒருவர்
தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்திருப்பார்.

வருகைக் கொப்பியில் கட்டங்கள் உண்டு:
பெயர். அடையாள அட்டை இலக்கம். எங்கிருந்து.
யாரைப் பார்க்க. எப்போது திரும்புவார்.
கொட்டாஞ்சேனை லொட்ஜில் இருந்த காலத்தில்
இதே கேள்விகளைப் பொலிஸ் கேட்டிருக்கிறது,
நடுச்சாமத்தில், டோர்ச்சை முகத்தில் அடித்து.
இதுகளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.
டோர்ச்சைக்கூட
விரல்களால் பொத்தித்தான் பிடித்தேன்.

நான்காம் இரவு
சின்னனுக்குக் கொடுத்துக்கொண்டிருக்க
ஏழாம் மாடி ஐயாவின் கார் ஹோன் அடித்தது.
ஒருமுறை. பிறகு நீளமாக.
கை அவசரப்பட்டது.
மூக்கில் ஒரு வெள்ளைக் குமிழி.
கேட்டைத் திறந்து, சல்யூட் அடித்து,
திரும்பி வர
குமிழி உடைந்திருந்தது.

கொப்பியில் எழுதினேன்:
3.10. வாகனம் உள்ளே. விசேடம் ஒன்றுமில்லை.

லிஃப்டடியில் இருக்கும் குரோட்டன் சாடிக்குத்
தண்ணீர் ஊற்றுவது விஜேபாலவின் வேலை.
இப்போது நான் ஊற்றுகிறேன்.
ஏன் என்று அவர் கேட்கவில்லை.

மற்ற இரண்டும் போயாவன்று கண் திறந்தன.
முதலில் கண்டது என் முகத்தையோ
சட்டைப் பொத்தானையோ, தெரியாது.
கோடுகள் கறுத்தன. வால் புசுபுசுத்தது.
பகலில் என்னோடு அறைக்கு வந்தன,
பஸ்ஸில், சோற்றுப் பைக்குள்.
இரவில் விசில் இருக்கும் பொக்கற்றுக்குள் படுத்தன.
பேனை மூடியைத் தின்றன.

மாத முடிவில் மேலதிகாரி கொப்பியைப் புரட்டினார்.
"2.00. இரண்டு பேரும் நல்ல நித்திரை."
யார் அந்த இரண்டு பேர் என்று அவரே முடிவுசெய்து
எங்கள் இருவருக்கும் ஒருநாள் சம்பளம் வெட்டினார்.
நான் திருத்தவில்லை.
விஜேபாலவும் திருத்தவில்லை,
ஒரு கிழமை முழுக்க
என் பிளேன்டீயை மட்டும் அவர் குடித்தார்.

ஒன்று ஒரு செவ்வாய்க்கிழமை போனது.
மற்றது மூன்று முறை போய் மூன்று முறை வந்து
பிறகு வரவில்லை.
திரும்பிய நேரம் என்ற கட்டத்தில்
எழுத ஒன்றும் இருக்கவில்லை.

நேற்று ஐந்தாம் மாடியிலிருந்து முறைப்பாடு:
டீவி வயரை ஏதோ கடித்திருக்கிறது.
"ஏதோ" என்றே பதிந்தேன்.
நடவடிக்கை: எடுக்கப்படுகிறது.
பிறகு பப்பாசித் துண்டொன்றை மதிலில் வைத்துவிட்டு,
காகம் வரமுதல்,
கம்பை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றேன்.